மருந்தா, கல்லா

அம்சா சமைத்ததை அவள் புருஷன் அரங்கநாதன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முதல் கவளத்தைக் கையில் எடுத்ததும் கொஞ்சம் தயங்குவார். கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குப் பிறகு சாப்பிட்டுவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பரிமாறுகிறவளுக்குத் தெரியாமல் போகுமா? குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரே பேசினதைத் தாங்கிக்கொண்டவளுக்கு அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தை மட்டும் தாங்க முடியவில்லை.

ஊர் பேசினது இதுதான்: அம்சா தன் கொழுந்தனுக்கு மருந்து வைத்துவிட்டாள்.

தெரியாத பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்தில் 'மருந்து வைப்பது' என்றால் நோய்க்குக் கொடுக்கும் மருந்து அல்ல. ஒருவரைத் தன் வசம் இழுக்கவோ கெடுக்கவோ சோற்றிலும் குழம்பிலும் ரகசியமாக எதையோ கலந்து கொடுப்பது. அது வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு, கட்டியாகத் திரண்டு ஆளைத் தின்னும் என்று நம்பினார்கள். அதை வெளியே எடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம். தேர்தலுக்கு எழுதின சுவரெழுத்து இன்னும் வெளுக்காத சித்திரை மாசம். திண்டிவனத்துக்கு மேற்கே, ஏரிப் பாசனமும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமும் உள்ள ஊர். அண்ணன் அரங்கநாதன், தம்பி தாண்டவராயன். நிலத்தைப் பிரிக்கவில்லை, அடுப்பை மட்டும் பிரித்திருந்தார்கள். ஒரே கூரையின் கீழே இரண்டு சமையல். அம்சா திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துப் பெண். ஆற்றங்கரையில் வளர்ந்தவள், நண்டு ரசம் வைத்தால் தெருக்கோடி வரைக்கும் மணக்கும். அன்றைக்கு வயல் நண்டு கிடைத்தது. வைத்தாள். தாண்டவராயனுக்குப் பிடிக்குமென்று ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தனையும் அவன் பிள்ளைகள் இரண்டு பேரையும்தான் தன் பிள்ளைகளாக நினைத்து ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரியே தாண்டவராயனுக்கு நோவு வந்தது. இடது விலாவுக்குக் கீழே குத்த ஆரம்பித்து, அடிவயிற்றில் இறங்கி, தொடைச் சந்துவரை இழுத்தது. படுத்தால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றியது, எதிலும் நிம்மதி இல்லை. வாந்தி வேறு. நாலு ஆள் சேர்ந்து தூக்கும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையைத் தனியாய்த் தூக்குகிறவன், மாட்டுக் கொட்டகையில் தரையில் புரண்டான். பொழுது விடிந்தபோது நோவு போன இடம் தெரியவில்லை. எழுந்து கழனிக்குப் போனான்.

அப்படி வந்துவந்து போனது. நிஜமான சீக்கு என்றால் படுக்கையில் கிடத்தும். இது என்ன, ஆளை அடித்துப் போட்டுவிட்டு விடிந்ததும் விட்டுவிடுகிறதே என்று தாண்டவராயனின் பெண்டாட்டி பாஞ்சாலிக்குப் பயம் பிடித்தது. பயந்தவளிடம் யாராவது ஒரு காரணம் சொன்னால் போதும். அவளுடைய தாய்மாமன் விருத்தாசலம் வந்து சொன்னார்: இது இடுமருந்து, கடைசியாக யார் கையில் சாப்பிட்டான் என்று யோசித்துப் பார்.

பாஞ்சாலி யோசித்துப் பார்த்தாள். நண்டு ரசம்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் அம்சாவின் அடுப்புப் பக்கம் வரவில்லை. கிணற்றடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் கொஞ்சம் தள்ளிப் போயின. அக்கா அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டிருந்த பாஞ்சாலி 'அவங்க' என்று பேச ஆரம்பித்தாள். புருஷன் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

விருத்தாசலம் நாளும் பார்த்துவிட்டார். திண்டிவனத்தைத் தாண்டி ஓர் ஊரில் மருந்து எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். தொப்புளில் குழலை வைத்து உறிஞ்சி, வாயிலிருந்து கறுப்பாய் ஒரு கட்டியைத் தண்ணீரில் துப்பிக் காட்டுவார். அமாவாசைக்குத் தாண்டவராயனை அவரிடம் கூட்டிப் போவதென்று முடிவானது.

அம்சா பயந்தது இந்த இடத்தில்தான். அப்படிப்பட்டவர் முன்னால் போய் உட்கார்ந்து, கட்டி வராமல் திரும்பி வந்தவரை அவள் பார்த்ததே இல்லை. யார் போனாலும் ஒரு கட்டி வரும். தாண்டவராயன் போனாலும் வரும். வந்துவிட்டால் பிறகு அவள் என்ன சொன்னாலும் எடுபடாது. ஆயுசுக்கும் அவள் மருந்து வைத்தவள்தான்.

அமாவாசைக்கு முன்னால் மறுபடியும் நோவு வந்தது. இந்தத் தடவை நீரோடு ரத்தம் கலந்து போனதைத் தாண்டவராயன் அண்ணனிடம் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அம்சாவின் காதில் விழுந்தது. அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, மருந்து எடுக்கறவர்கிட்ட அமாவாசைக்குப் போ. நான் தடுக்கல. அதுக்கு முன்னால ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வந்துடு. ரத்தம் போறதுன்னா சும்மா இல்ல."

அவன் போனான். திண்டிவனத்து டாக்டர் முதுகில் விலாவுக்குக் கீழே லேசாகத் தட்டியதும் தாண்டவராயன் துள்ளினான். நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டு, கல்லடைப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது, தோன்றினால் போதாது, விழுப்புரத்தில் மாசிலாமணி டாக்டரிடம் எக்ஸ்ரே மிஷின் இருக்கிறது, வயிற்றுக்குள் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

பாஞ்சாலி மறுப்பாள் என்றுதான் அம்சா நினைத்தாள். அவளோ முதல் ஆளாகத் தலையாட்டினாள்.

"எடுக்கட்டும். வயித்துக்குள்ள இருக்கறதக் காட்டுமாமில்ல? மருந்து இருந்தா அதுவுந்தான் தெரியும். நானே கூட வர்றேன், என் கண்ணால பாக்கறேன்."

ஆக, இரண்டு பேருக்கும் ஒரே படம்தான் வேண்டியிருந்தது, ஒருத்திக்குக் குற்றத்தைக் காட்ட, ஒருத்திக்குக் குற்றமில்லை என்று காட்ட.

முதல்நாள் சாயங்காலம் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும், காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை அம்சா தொட்டுவிடக் கூடாதென்று பாஞ்சாலி அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போனாள். தாண்டவராயன் ராத்திரி பூராவும் ஏரிக்கரைக்கும் வீட்டுக்குமாக நடந்தான். காலையில் பாசஞ்சர் வண்டியில் நாலு பேரும் ஏறினார்கள். பாஞ்சாலியும் அவள் புருஷனும் ஒரு பலகையில், அம்சாவும் அரங்கநாதனும் எதிர்ப்பலகையில். மயிலம் போய், பேரணி போய், விக்கிரவாண்டி வந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

விழுப்புரம் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொண்டவர் இருதயநாதன் என்ற கிறிஸ்தவர். வாய் ஓயாமல் பேசுகிற ஆள். படமெடுக்கிறார்களே என்று வெளுத்த சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து நின்ற தாண்டவராயனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க. இந்தப் படத்துல மூஞ்சி வராதுப்பா. சட்டையக் கழட்டு. அந்த வெள்ளி அரைஞாணையும் கழட்டு, அதுவும் படத்துல விழுந்துடும்."

பாஞ்சாலி குறுக்கே வந்தாள். உயிரோடு இருக்கிற ஆம்பிளையின் இடுப்பு வெறுமையாக இருக்கலாமா, அரைஞாணை அறுப்பது எப்போது என்று தெரியாதா என்று படபடத்தாள். இருதயநாதன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதற்குள் ஒரு கண்டு கறுப்புக் கயிறு இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் இதையே சொல்லிச் சொல்லி, தானே வாங்கி வைத்துவிட்டாராம். "மொதல்ல இதக் கட்டிக்கோ. அப்புறமா அதக் கழட்டு. இடுப்பு ஒரு நிமிஷங்கூட வெறுமையா இருக்காது, போதுமாம்மா?" என்றார். பாஞ்சாலிக்கு அந்த மனுஷன்மேல் அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சில்லென்ற மேஜைமேல் தாண்டவராயனைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடி என்று சொல்லி, விடு என்று சொல்லி, தகட்டை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கிளிப்பில் தொங்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாய் நீர் வடிய, ஒரு கறுப்புப் படம் அவர் கையில் இருந்தது. மாசிலாமணி டாக்டர் அதை விளக்குப் பெட்டியின் முன்னால் மாட்டினார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வீட்டாரையும் உள்ளே கூப்பிட்டார். காட்டிச் சொன்னால்தான் மறுபடி வருவார்கள் என்பது அவருடைய வழக்கம்.

அம்சா பார்த்தாள். சாம்பல் நிறத்தில் புகைபோல வயிறு. அதற்குள் முதுகெலும்பு அடுக்கு அடுக்காக, இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் பெரிய முறம்போல விரிந்து. உயிரோடு பக்கத்தறையில் படுத்திருக்கிறவனின் எலும்பு இது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டரின் விரல் இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் உள்ளே ஓர் இடத்தில் நின்றது. அங்கே துவரம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"அதான்," என்றாள் பாஞ்சாலி. "அதான் மருந்து."

டாக்டர் திரும்பினார். "என்ன மருந்து?"

"அவங்க வச்ச மருந்து."

டாக்டரின் முகம் மாறிவிட்டது. அம்சாவை நேராகப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, "என்னம்மா குடுத்த? மாத்திரையா? நாட்டு வைத்தியர் குடுக்கற செந்தூரமா? பயப்படாம சொல்லு. அதுல சிலது கரையாம குடல்ல நின்னா இப்படித்தான் வெள்ளையாத் தெரியும்," என்றார்.

அம்சா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மிஷினே சொல்லிவிட்டதா? படித்த டாக்டரே கேட்கிறாரா, என்ன கொடுத்தாய் என்று? கதவோரம் நின்ற அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அவள் பார்த்தாள்.

"நண்டு ரசம் குடுத்தேங்க," என்றாள். "வேற ஒண்ணும் தெரியாதுங்க எனக்கு."

இருதயநாதன்தான் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வேறு சீமையில் படித்துவிட்டு வந்தவர், இந்த ஊர் மருந்து அவருக்குத் தெரியாது. அவரை ஓரமாக அழைத்துப் போய், இவர்கள் சொல்கிற மருந்து எது, இந்த அம்மாள் மேல் என்ன பழி என்று காதோடு சொன்னார். கேட்டுவிட்டு டாக்டர் சிரிக்கவில்லை. அசட்டு ஜனங்கள் என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து அம்சாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கேட்டது வேற மருந்தும்மா. தப்பா எடுத்துக்காத. ஆனா நீங்க ரெண்டு பேரும் கேக்கறதும் நான் கேக்கறதும் ஒரே கேள்விதான். இந்தப் புள்ளி சாப்பாடு போற குடல்ல இருக்குதா, நீர் எறங்கற குழாய்ல இருக்குதா? கல்லுன்னுதான் எனக்கும் படுது. ஆனா இந்த ஒரு படத்த வச்சி அடிச்சிச் சொல்ல முடியாது. முடியாதத நான் சொல்ல மாட்டேன்."

பிறகு வழியைச் சொன்னார். கையில் ரத்தக் குழாய் வழியாக ஓர் ஊசி. அதில் ஏறுகிற நீர் ரத்தத்தோடு கலந்து, மூத்திரக்காய் என்கிற சிறுநீரகத்தின் வழியாக வடிந்து, நீர் இறங்குகிற பாதையில் மட்டும் போகும். போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். குடல் பக்கம் போகாது. வெள்ளைக் கோடு வந்து அந்தப் புள்ளியில் முட்டி நின்றால், அது கல். முட்டாமல் விலகிப் போனால், புள்ளி வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு, முதலில் துளி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் போடுவேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"அதுக்கு என்னாங்க பேரு?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

டாக்டர் ஒரு நொடி தயங்கினார். "அதுக்கும் மருந்துன்னுதான் பேரு."

பாஞ்சாலி வேண்டவே வேண்டாம் என்றாள். ஏற்கெனவே ஒரு மருந்து உள்ளே இருக்கிறது, இன்னொன்றையும் ஏற்றிக் கொன்றுவிடாதீர்கள் என்று அழுதாள். பக்கத்தறை மேஜையிலிருந்து தாண்டவராயனின் குரல் வந்தது. எல்லாவற்றையும் அவன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"போடுங்க டாக்டர். அண்ணி மேல இருக்கற பேச்சு இன்னிக்கோட தெரிஞ்சிடட்டும். ஏ பாஞ்சாலி, சும்மா இரு. எங்க அண்ணி கையால எத்தினி வருசமாச் சாப்பிட்டுக்கினு இருக்கறேன் நானு."

ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் சூடு பரவுகிறது, வாயில் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றான். குமட்டிக்கொண்டு வந்தது, அடங்கியது. இருதயநாதன் மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொன்னார்.

அடுத்த படம் வந்தது. அதை மாட்டியதும் அம்சா வாய்விட்டு ஒரு சத்தம் போட்டுவிட்டாள். படத்தில் வயிற்றின் வலது பக்கம், மேலே, ஒரு பூ விரிந்திருந்தது. வெள்ளை வெளேரென்று, விரல் விரலாகப் பிரிந்து, நடுவில் குழிந்து. அதன் காம்புபோல ஒரு மெல்லிய வெள்ளை நூல் வளைந்து நெளிந்து கீழே அடிவயிறு வரைக்கும் போயிருந்தது. மனுஷனுக்குள் இப்படி ஒன்று யாருக்கும் தெரியாமல் ராப்பகலாய் ஓடிக்கொண்டிருக்கிறதா?

ஆனால் நோவு வந்த இடது பக்கம் பூவும் இல்லை, நூலும் இல்லை. மூத்திரக்காய் மட்டும் பனிமூட்டம்போல மங்கலாக வெளுத்துக் கிடந்தது. கீழே அந்தப் புள்ளி மட்டும் தனியாக.

"இந்தப் பக்கம் ஒண்ணும் வரலியே," என்றாள் பாஞ்சாலி.

"அடைச்சிருந்தா மெதுவாத்தான் வரும். காத்திருந்து பாப்போம். அவசரப்பட்டா படம் பொய் சொல்லும்," என்றார் டாக்டர்.

காத்திருந்தார்கள். வெளியே அனல் அடித்தது. ஷண்டிங் இஞ்சின் ஒன்று ஸ்டேஷன் பக்கம் போவதும் வருவதுமாகக் கத்திக்கொண்டிருந்தது. வராந்தா பெஞ்சின் ஒரு கோடியில் அம்சா, மறுகோடியில் பாஞ்சாலி. அரங்கநாதன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார், கூப்பிட்டால்கூட வராத தூரத்தில். ஒருவேளை அந்தக் கோடு வராமலே போய்விட்டால் என்று அம்சா நினைத்தாள். வந்து, புள்ளியைத் தொடாமல் விலகிப் போய்விட்டால்? அவள் எதுவும் கலக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நண்டைக் கழுவினது, இடித்த மிளகு, அடுப்பில் விழுந்த விறகுத்தூள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பழி என்பது அப்படித்தான். செய்யாதவளையே சந்தேகப்பட வைத்துவிடும்.

உள்ளேயிருந்து இன்னொரு தடவை மூச்சைப் பிடி என்ற குரல் கேட்டது. இருட்டறைக் கதவு சாத்திக்கொண்டது. ரொம்ப நேரம் கழித்துத் திறந்தது. சொட்டுகிற படத்தோடு வந்த இருதயநாதன், அன்றைக்கு முதல் தடவையாக எதுவும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்துக் கூப்பிட்டார்.

இடது பக்கத்திலும் பூ விரிந்திருந்தது. ஆனால் வலது பக்கத்துப் பூ மாதிரி சின்னதாக இல்லை, தண்ணீரில் ஊறி உப்பினதுபோலப் பருத்துக் கிடந்தது. அதிலிருந்து இறங்கின கோடும் நூலாக இல்லை, விரல் பருமனாக வீங்கி, இறங்கி இறங்கி வந்து, நேராக அந்தத் துவரம்பருப்பில் முட்டி நின்றது. முட்டின இடத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் கறுப்பு.

யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும்.

"மடை அடைச்சிக்கினு இருக்குது," என்றாள் அம்சா மெல்ல. "மேல தேங்கிப் போச்சி. கீழ கழனி காயுது."

"நூத்துக்கு நூறு," என்றார் டாக்டர். "கல்லுதாம்மா. நீர் எறங்கற குழாய்க்குள்ளயே இருக்குது. சோத்துக்கும் குழம்புக்கும் அந்த எடத்துக்கு வழியே கெடையாது."

பாஞ்சாலி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ நண்டு?"

"நண்டு என்னம்மா பண்ணும்? இது ஒரு நாள்ல வந்த கல்லு இல்ல. மாசக்கணக்கா உள்ளயே வளர்ந்திருக்கும். வெயில்ல வேல செய்யறான், தண்ணி குடிக்கறதில்ல. அன்னிக்குக் கஞ்சி குடிச்சிருந்தாலும் நோவு வந்திருக்கும்."

கல் கீழே இறங்கி வந்துவிட்டது, தானாக விழவும் வாய்ப்பிருக்கிறது, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், நாலு வாரத்தில் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம், விழாவிட்டால் கத்தி வைக்கத்தான் வேண்டும், இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று, இன்னும் விட்டிருந்தால் மூத்திரக்காயே கெட்டிருக்கும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். அம்சா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அந்த மனுஷன், காலையிலேயே. தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னாரே, அதற்குத்தான் அந்தக் கும்பிடு.

வெளியே வந்தபோது அரங்கநாதன் மரத்தடியிலிருந்து கிட்டே வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"நான் எதையும் நம்பல அம்சா," என்றார்.

"நீங்க நம்பலைன்னு தெரியுங்க," என்றாள் அவள். "ஆனா கையில எடுத்த சோத்த வச்சிக்கினு தயங்குனீங்க. தம்பி படம் பாக்காமயே ஊசிக்குக் கைய நீட்டுச்சு."

அதற்கு மேல் அவள் அவரைப் படுத்தவில்லை. நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, மறுபடி எக்ஸ்ரே அறைக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த படத்தை இன்னொரு தடவை பார்க்கலாமா என்று இருதயநாதனைக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பகல் வெளிச்சத்தில் அந்தப் பூக்கள் இன்னும் தெளிவாக இருந்தன. தன் பழி தீர்ந்ததை அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது அப்போதே முடிந்துவிட்டது. தோலைக் கிழிக்காமல், ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல், மனுஷனுக்குள் ஓடுகிற வாய்க்காலைக் கண்டுபிடித்து வரைந்து காட்டியிருக்கிறார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தப் புண்ணியவான் இதை முதலில் நினைத்தானோ.

பக்கத்தில் யாரோ வந்து நின்றது தெரிந்தது.

"அக்கா," என்றாள் பாஞ்சாலி. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "இது எங்க ஆரம்பிக்குது, எங்க வந்து நிக்குதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. ஊர்ல நான்தான் சொல்லணும். அன்னிக்குச் சொன்னதும் நான்தான்."

அம்சா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இவளை என்ன செய்வது? வைவதா, விட்டுவிடுவதா? அவளுக்கே தெரியவில்லை. விரலை எடுத்துப் படத்தின் மேலே வைத்தாள்.

"இங்க பாரு. இது மேல இருக்கற ஏரி."

"நோவு எடப்பக்கமில்ல? இது வலப்பக்கமா இருக்குதே."

"தம்பி நம்மளப் பாத்துக்கினு நிக்கறாப்பல வச்சிப் பாக்கணும். டாக்டர் அப்பிடித்தான் வச்சாரு. இது வாய்க்கா. இப்பிடியே எறங்கி வருது பாரு."

பாஞ்சாலியின் விரலும் கூடவே இறங்கி வந்தது.

சாயங்கால வண்டியில் கூட்டம். பழுப்புக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்த பாஞ்சாலியிடம், கோலியனூரில் மகளைப் பார்த்துவிட்டு வருகிற ஓர் அம்மாள் என்னது அது என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். பாஞ்சாலி உடனே கவரைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இது எங்க வூட்டுக்காரர் வயிறு. எங்க அக்காதான் கூட்டியாந்தாங்க. இல்லன்னா நாங்க வேற எங்கியோ போய்க் கெட்டிருப்போம். இங்க ஆரம்பிக்குது பாருங்க, இது ஏரி..."

"தலகீழாப் புடிச்சிக்கினு இருக்க," என்றாள் அம்சா.

தாண்டவராயன் தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான். பாஞ்சாலி படத்தைத் திருப்பிப் பிடித்து, மேலே இருந்து மறுபடி ஆரம்பித்தாள்.